வீட்டில் செய்த லோஷன் மூன்றே நாளில் பிரிந்துவிடுகிறது, உதவுங்கள்

வணக்கம். அம்மாவின் கைகள் வெடித்து எரிகின்றன, வாசனை கலந்தது எதுவும் ஒத்துக்கொள்வதில்லை. அதனால் நானே லோஷன் செய்கிறேன்.

100 கிராமுக்குத் தண்ணீர் 75, பாதாம் எண்ணெய் 12, ஷியா பட்டர் (ஷியா கொட்டையிலிருந்து எடுக்கும் கெட்டிக் கொழுப்பு) 8, எமல்சிஃபையிங் வாக்ஸ் (எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் சேர்த்துவைக்கும் மெழுகு) 4, பிரிசர்வேட்டிவ் (கிருமி வளர்ந்து கெடாமல் காப்பது) 1. எண்ணெயையும் தண்ணீரையும் தனித்தனியாக 70 டிகிரிக்குச் சூடாக்கி, ஹேண்ட் பிளெண்டரில் இரண்டு நிமிடம் அடித்தேன். ஆறிய பிறகே பிரிசர்வேட்டிவ் சேர்த்தேன்.

முதல் நாள் வெண்ணெய் போல வழவழவென்று இருந்தது. மூன்றாம் நாள் பாட்டிலின் அடியில் ஒரு விரற்கடை அளவுக்குத் தண்ணீர். தேய்த்தால் ரவை போல நெருடுகிறது, பிறகு கைச்சூட்டில் கரைகிறது. ஷியா மெதுவாக ஆறியதால் வந்த குருணை என்று நினைக்கிறேன்.

பிரிந்ததில் பிரிசர்வேட்டிவ் சமமாகப் பரவியிருக்காதே என்று பயந்து கொட்டிவிட்டேன். வாக்ஸை 6 ஆக்கினால் போதுமா? ஆறும்வரை விட்டுவிட்டு அடிக்க வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.