ட்ரஃபிள்ஹாக் 2-இலிருந்து 3-க்கு மாறியதும் ரகசியம் ஒன்றுமே சிக்கவில்லை. நம்பலாமா?

மண்ணடி நிரலர் கேட்கிறார்:

வணக்கம். துறைமுகக் கிளியரிங் ஏஜென்டுகளுக்கான மென்பொருளைச் செய்து தரும் ஒரு சிறு நிறுவனத்தில், மண்ணடியில், பணிபுரிகிறேன். மணலி, திருவொற்றியூர்ப் பக்கத்து கண்டெய்னர் யார்டுகளின் எடைமேடைகளிலிருந்து எடை விவரத்தைப் பெற்று ஏஜென்டின் கோப்பில் சேர்ப்பது எங்கள் மென்பொருளின் முக்கிய வேலை. ஆகவே கிளவுட் சாவிகளைத் தவிர, ஒவ்வொரு யார்டும் எங்களுக்கென வழங்கிய டோக்கன்களும் (அனுமதிக்கான ரகசியச் சரங்கள்) எங்கள் நிரலோடு நெருங்கிப் புழங்குகின்றன.

நிரலில் ரகசியம் எதுவும் தவறி நுழைந்துவிடாமல் பார்க்க, நிரலைத் தானாகச் சோதித்துக் கட்டும் ஜென்கின்ஸில், ரகசியச் சாவிகளைத் தேடும் கருவியான ட்ரஃபிள்ஹாக்கின் இரண்டாம் பதிப்பை நெடுங்காலமாக ஓட்டி வருகிறோம். அது காட்டும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை வீண் என்பதால் மூன்றாம் பதிப்புக்கு மாற முடிவு செய்தோம். பைத்தான் மென்பொருள்களை நிறுவும் பிப் மூலம் மேம்படுத்தப் பார்த்தால் 2.2.1-ஐத் தாண்டி நகரவில்லை. எனவே கிட்ஹப் வெளியீட்டுப் பக்கத்திலிருந்து நேரடியாக இறக்கி, இணையத்தில் பலரும் பரிந்துரைக்கும் ‘ஒன்லி-வெரிஃபைட்’ தெரிவுடன் ஓட்டினேன். பைப்லைன் (ஜென்கின்ஸின் சோதனைத் தொடர்) பச்சை, அறிக்கையில் ஒன்றுமே இல்லை. மேலாளருக்கு மகிழ்ச்சி. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை, ஏனென்றால் பழைய பதிப்பு சரியாகவே பிடித்த ஒரு யார்டு டோக்கன் நிரலின் மாற்ற வரலாற்றில் இன்னும் இருப்பது எனக்குத் தெரியும்.

இந்தப் பூஜ்ஜியத்தை நம்பலாமா? ஜேசன் கோப்பில் எழுதி வைத்திருந்த எங்கள் சொந்த விதிகளை எப்படி மாற்றுவது? ஜென்கின்ஸ் இயங்கும் கணினிக்கு வெளி இணையத் தொடர்பு கிடையாது என்பதையும் கருத்தில் கொண்டு பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.

தண்டையார்பேட்டைத் தோழர்:

நம்ப வேண்டாம். உங்கள் கடைசி வரியிலேயே காரணம் இருக்கிறது. 2022-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு பழைய பைத்தான் நிரலின் தொடர்ச்சி அன்று. கோ மொழியில் முழுவதும் புதிதாக எழுதப்பட்டது. அதனால்தான் பிப் உங்களைப் பழைய இடத்திலேயே நிறுத்தியது. மூன்றாம் பதிப்பு அங்கே வெளியிடப்படுவதே இல்லை. கருவியின் அடிப்படைக் கேள்வியும் மாறிவிட்டது. பழையது ‘இந்தச் சரம் ரகசியம்போல் தெரிகிறதா?’ என்று கேட்டது. புதியது, தான் அறிந்த நூற்றுக்கணக்கான சாவி வகைகளில் ஒன்றைக் கண்டால், அந்தச் சேவையையே தொடர்புகொண்டு ‘இது இன்னும் செல்லுபடியாகிறதா?’ என்று கேட்கிறது. எடுத்துக்காட்டாக, அமேசான் சாவி கிடைத்தால் அதைக் கொண்டு ‘நான் யார்’ என்று மட்டும் கேட்கும் ஓர் அழைப்பை அனுப்பிப் பார்க்கும்.

உங்கள் கணினியிலிருந்து அந்த அழைப்பு வெளியே போகவே முடியாது. போக முடியாதபோது கருவி அந்தச் சாவியைத் ‘தெரியவில்லை’ என்ற வகையில் வைக்கிறது. நீங்களோ உறுதியானவற்றை மட்டும் காட்டு என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகவே களஞ்சியம் (நிரலும் அதன் வரலாறும் இருக்கும் இடம்) முழுக்கச் சாவிகளாக இருந்தாலும் இந்த அமைப்பில் பூஜ்ஜியம்தான் வரும்.

அதைச் சரிசெய்தாலும் பைப்லைனின் பச்சை நிறம் தன்னால் மாறிவிடாது. இரண்டாம் பதிப்பு எதையாவது கண்டுபிடித்தால் எக்ஸிட் கோட் (ஓடி முடிந்ததும் கருவி தரும் எண்) 1 கொடுத்து பில்டை நிறுத்தும். மூன்றாம் பதிப்பு எத்தனை கண்டுபிடித்தாலும் 0 கொடுத்துவிட்டுப் போய்விடும். ‘ஃபெயில்’ என்ற தெரிவைச் சேர்த்தால்தான் 183 கொடுக்கும். பழைய ஸ்கிரிப்டில் ‘1 என்றால் நிறுத்து’ என்று குறிப்பாக எழுதியிருந்தால், 183 வந்தாலும் அது கண்டுகொள்ளாது என்பதையும் பாருங்கள். ஜேசன் வெளியீட்டின் புலங்களும் வேறு: பழைய அறிக்கையில் காரணம், கிடைத்த சரங்கள் என்று இருந்தவை இப்போது இல்லை, கண்டறிந்த வகையின் பெயர், உறுதியானதா இல்லையா, மூலச் சரம் என்று வரிக்கு ஒரு பதிவாக வருகின்றன. பழைய புலங்களைத் தேடும் அறிக்கை நிரல் எதுவும் கிடைக்காமல் அமைதியாக வெற்றுப் பக்கத்தைத் தயாரிக்கும்.

சோதிக்க எளிய வழி, ஒரு தனிக் களஞ்சியத்தில் புதிதாக உருவாக்கிய, எங்கும் பயன்படாத எஸ்எஸ்எச் தனிச்சாவி ஒன்றைக் கமிட் செய்து (வரலாற்றில் பதிந்து) ஓட்டிப் பார்ப்பதுதான். ஆவணங்களில் வரும் அமேசான் மாதிரிச் சாவியை வைத்துச் சோதிக்காதீர்கள். ‘எக்ஸாம்பிள்’ என்ற சொல் உள்ள சரங்களைக் கருவி வீணானவை என்று தானே ஒதுக்கிவிடும், நீங்கள் கருவி பழுது என்று தவறாக முடிவு செய்வீர்கள். வெளி இணையம் உள்ள மடிக்கணினி இருந்தால், ட்ரஃபிள்ஹாக் குழுவினரே கிட்ஹப்பில் வைத்திருக்கும் ‘டெஸ்ட் கீஸ்’ களஞ்சியத்தின்மீது ஓட்டி, உறுதிப்படுத்தப்பட்ட முடிவு எப்படி இருக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளலாம்.

கொடுங்கையூர் வாசகர்:

விதிகளைப் பற்றி நான் சொல்கிறேன், அந்த வேலையைச் சென்ற ஆண்டு எங்கள் அலுவலகத்தில் செய்து முடித்தோம். பழைய ஜேசன் கோப்பில் பெயருக்கு எதிரே ஒரு ரீஜெக்ஸ் (சரத்தின் வடிவத்தை விவரிக்கும் தேடல் சூத்திரம்), அவ்வளவுதான். புதியதில் யாமல் கோப்பு. ஒவ்வொரு விதிக்கும் பெயர், குறிச்சொற்கள், ரீஜெக்ஸ் ஆகியவை வேண்டும், விரும்பினால் சரிபார்க்கும் முகவரியும் கொடுக்கலாம்.

இதில் பலரும் அலட்சியப்படுத்துவது குறிச்சொல்லை. கருவி முதலில் கோப்பின் துண்டில் குறிச்சொல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். இருந்தால்தான் ரீஜெக்ஸை ஓட்டும். உங்கள் யார்டு டோக்கன் ‘டபிள்யூபி’ என்ற முன்னொட்டு, ஒரு அடிக்கோடு, பிறகு 32 ஹெக்ஸ் எழுத்துகள் என்ற வடிவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னொட்டையே குறிச்சொல்லாகக் கொடுத்தால் எந்தக் கோப்பில் எந்த மாறியின் பெயரில் இருந்தாலும் சிக்கும். ஆனால் அழகாக இருக்கிறதே என்று ‘வெயிட்பிரிட்ஜ்’ என்பதைக் குறிச்சொல்லாகக் கொடுத்தால், அந்தச் சொல் இல்லாத ஒரு பிராப்பர்ட்டீஸ் கோப்பில் டோக்கன் அப்பட்டமாகக் கிடந்தாலும் ரீஜெக்ஸ் அதைத் தொட்டே பார்க்காது. முன்னொட்டே இல்லாத வெறும் ஹெக்ஸ் டோக்கன் என்றால், அதைச் சுற்றி எப்போதும் வரும் சொல் எது என்று நிரலைப் படித்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த யார்டுக்காரர்களிடம் முன்னொட்டு சேர்த்துத் தரச் சொல்லிக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. நாங்கள் கேட்டோம், ஒருவர் சம்மதித்தார்.

இன்னொன்று, பைத்தானில் செல்லுபடியாகும் எல்லா ரீஜெக்ஸும் கோ மொழியில் செல்லாது. ‘இதற்கு முன்னால் கமிட் என்ற சொல் இருக்கக் கூடாது’ என்பது போன்ற முன்பின் நோக்கும் நிபந்தனைகளைக் கோவின் ரீஜெக்ஸ் இயந்திரம் ஏற்காது. அவற்றைப் பிரித்து, பொருந்தும் பகுதியை விதியிலும் விலக்க வேண்டிய பாதைகளைத் தனியான விலக்குக் கோப்பிலும் எழுத வேண்டியிருக்கும்.

பழைய பதிப்பின் என்ட்ரோபி சோதனையை (ஒரு சரத்தின் எழுத்துகள் எவ்வளவு ஒழுங்கின்றி இருக்கின்றன என்ற அளவு) நீங்கள் குறிப்பிடவில்லை, ஆனால் அதையும் நினைவில் கொள்ளுங்கள். பேஸ்64 சரத்தில் 4.5-க்கு மேல், ஹெக்ஸ் சரத்தில் 3-க்கு மேல் என்ட்ரோபி இருந்தால் எச்சரிக்கும் அந்தச் சோதனைதான் பேக்கேஜ் லாக் கோப்புகளின் ஹேஷ்களை எல்லாம் அள்ளி வந்து உங்களைச் சலிப்படைய வைத்தது. வடிவமே இல்லாத சில கடவுச்சொற்களைப் பிடித்ததும் அதே வலைதான். புதியதில் அந்தப் பொது வலை இல்லை. நீங்கள் சொன்ன பழைய யார்டு டோக்கன் எந்த விதியால் சிக்கியது என்று பழைய அறிக்கையில் பாருங்கள்; என்ட்ரோபியால் சிக்கியிருந்தால் அதற்குப் புது விதி எழுதாதவரை மூன்றாம் பதிப்பு அதை ஒருநாளும் காட்டாது.

மண்ணடி நிரலர்:

இருவருக்கும் நன்றி. பார்த்தேன், என்ட்ரோபியால்தான் சிக்கியிருக்கிறது. ஒரு தொடர் கேள்வி: பாதுகாப்புக் குழு, சரிபார்ப்பதற்காகவே சாவியை வெளியே அனுப்புவதா என்று தயங்குகிறது. வெளித்தொடர்பைத் திறந்துவிடச் சொல்வதா, சரிபார்ப்பையே நிறுத்திவிடுவதா?

தண்டையார்பேட்டைத் தோழர்:

சாவி அதைக் கொடுத்த சேவைக்கே போகிறது என்பதால் அமேசான், கிட்ஹப் போன்றவற்றில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அந்த அழைப்பு அவர்கள் பதிவேட்டில் தடம் பதிக்கும்; அதைக் கண்டு உங்கள் கண்காணிப்புக் குழு அலறாமல் இருக்க முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இரண்டாகப் பிரிப்பேன். ஜென்கின்ஸில் சரிபார்ப்பை அணைத்துவிட்டு, ‘ஒன்லி-வெரிஃபைட்’ என்பதையும் நீக்கிவிட்டு, புதிய கமிட்களை மட்டும் பார்க்கச் சொல்வேன். அங்கே எது கிடைத்தாலும் பில்ட் நிற்க வேண்டும். அணைக்காமல் விட்டால் ஒவ்வொரு அழைப்பும் காலாவதியாகும்வரை காத்திருந்து பில்ட் இழுத்துக்கொண்டே போகும் என்பது கூடுதல் காரணம். வெளித்தொடர்பு உள்ள வேறொரு கணினியில், வாரம் ஒருமுறை முழு வரலாற்றையும் சரிபார்ப்புடன் ஓட்டி, உறுதியானவை, தெரியாதவை ஆகிய இரு வகைகளையும் கேட்பேன். அங்கே களஞ்சியத்தை மேலோட்டமாக, அண்மைக் கமிட்கள் மட்டும் வரும்படி, குளோன் செய்துவிடாதீர்கள். இல்லாத வரலாற்றில் எந்தக் கருவியும் எதையும் காணாது.

உள் நெட்வொர்க்கில் மட்டுமே எட்டக்கூடிய டேட்டாபேஸ் கடவுச்சொல்லையோ உங்கள் சொந்தச் சர்வரின் எஸ்எஸ்எச் சாவியையோ வெளியிலிருந்து எவராலும் உறுதிப்படுத்த முடியாது. எனவே ‘உறுதியாகவில்லை’ என்பதைச் ‘செத்த சாவி’ என்று படிக்க வேண்டாம். யார்டு டோக்கன்களுக்கு மட்டும், அலுவலக நெட்வொர்க்கின் உள்ளேயே ஒரு சிறு சரிபார்ப்புச் சேவையை எழுதி அதன் முகவரியை யாமல் கோப்பில் கொடுக்கலாம். செல்லும் என்றால் 200 என்று பதில் சொன்னால் போதும். எச்டிடிபிஎஸ் இல்லாத முகவரி என்றால் ‘அன்சேஃப்’ என்பதை வெளிப்படையாக இயக்க வேண்டும்.

கொடுங்கையூர் வாசகர்:

ஒரு சேர்க்கை. மூன்றாம் பதிப்பு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளப் பார்க்கும். பைப்லைனில் ‘நோ-அப்டேட்’ கொடுத்து, இறக்கும் பதிப்பின் எண்ணையும் நிலையாகக் குறித்துவிடுங்கள். உரிமமும் ஜிபிஎல்லிலிருந்து ஏஜிபிஎல்லுக்கு மாறியிருக்கிறது. உள் பயன்பாட்டுக்கு ஓட்டுவதில் சிக்கல் இல்லை, ஆனால் ஏஜென்டுகளுக்குத் தரும் மென்பொருளுக்குள் அதைச் சேர்த்து அனுப்பும் எண்ணம் இருந்தால் சட்டம் தெரிந்தவரிடம் முதலில் கேளுங்கள்.

அந்தப் பழைய யார்டு டோக்கனை, விதி எழுதி முடியும்வரை காத்திராமல், இன்றே ரத்து செய்து புதியது வாங்கிவிடுங்கள். வரலாற்றிலிருந்து நீக்கும் வேலையைப் பிறகு வரலாற்றை மாற்றி எழுதும் ‘ஃபில்டர்-ரெப்போ’ கருவி கொண்டு நிதானமாகச் செய்யலாம். ஏற்கெனவே குளோன் செய்தவர்களின் கணினியில் அது எப்படியும் இருக்கும்.