தனுஷ்கோடியில ஜியோகேச்சிங்: மூணு தடவை போயும் டப்பா சிக்கலை

பாம்பன் பையன்:
ஜியோகேச்சிங்னா யாரோ ஒளிச்சு வச்ச டப்பாவை போன் ஜிபிஎஸ் வச்சுத் தேடி, உள்ள இருக்குற தாள்ல பேரெழுதிட்டு வர்ற விளையாட்டு. ஆப் காட்டுற இடம், 1964 புயல்ல இடிஞ்ச சர்ச்சுக்கு அப்பால சீமைக்கருவேல மரத்தடி. புள்ளி இங்கிட்டும் அங்கிட்டும் ஆடுது. முள்ளு கிழிச்சதுதான் மிச்சம். மணலைத் தோண்டிப் பாக்கலாமா?

மண்டபத்தார்:
தோண்டாதீங்க தம்பி. டப்பாவைப் புதைக்கக் கூடாதுங்கிறதே இந்த விளையாட்டோட விதி. போன் ஜிபிஎஸ் நாலஞ்சு மீட்டர் தள்ளித்தான் காட்டும். கிட்ட போனதும் போனைப் பையில போட்டுட்டு கண்ணால தேடுங்க. எனக்கு ஒண்ணு பனை மட்டை இடுக்குல, பழைய ஃபிலிம் டப்பாவுல சிக்குச்சு. உள்ள இருந்த தாள் உப்புக்காத்துல நமுத்த அப்பளம் மாதிரி. பேனா எழுதவே இல்ல. பென்சில் கொண்டு போங்க. கடலுக்குள்ள இருக்குற குட்டித் தீவுங்க பக்கம் மட்டும் போயிராதீங்க, அந்த 21 தீவும் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா.

கீழக்கரைக்காரன்:
நான் இப்ப அமெரிக்காவுல, வட கரோலினாவுல. இங்க ஸ்மோக்கி மலைப் பள்ளத்தாக்குல ஜிபிஎஸ் சிக்னல் பாறையில மோதி, புள்ளி எங்கயோ போயிரும். வெட்டவெளியில நின்னுக்கிட்டு நீங்க புலம்புறீங்க!

பாம்பன் பையன்:
சிக்கிருச்சுண்ணே! மரத்துல இல்ல, பக்கத்துல கிடந்த பவளக்கல்லுக்கு அடியில. பென்சிலை மறந்துட்டேன். மீன் பொரிக்கிற அக்காகிட்ட கரித்துண்டு வாங்கிப் பேரெழுதுனேன்.