15,000 ரூபாய்க்குள்ள எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்), எது எடுக்கலாம்?

வணக்கம் மக்களே. கோவை வடவள்ளியில இருக்கேன். தினமும் மருதமலை அடிவாரம் வரை, ஞாயித்துக்கிழமை கொஞ்சம் மண் ரோடு. பட்ஜெட் 15,000, இழுத்துப் பிடிச்சா 17,000. உயரம் 5 அடி 6 அங்குலம்.

போன வருஷம் பார்க்க பந்தாவா இருக்கேன்னு டபுள் சஸ்பென்ஷன் (முன்னாடி, பின்னாடி ரெண்டு பக்கமும் ஸ்பிரிங்) வண்டி வாங்கி மாட்டிக்கிட்டேன். மேட்டுல மிதிக்கிற மிதியில பாதியை பின் ஸ்பிரிங்கே தின்னுடும். மூணு மாசத்துல ரிம் கோணி, பிரேக் கட்டையில உரசி ஒரே 'கிரீச்'. தெரு நாயெல்லாம் கூடவே ஓடி வருது!

இந்தத் தடவை முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன், அலாய் ஃப்ரேம், 27.5 இஞ்ச் சக்கரம்னு பார்க்கிறேன். 21 கியர் (முன்னாடி மூணு, பின்னாடி ஏழு பல்சக்கரம்) தேவையா, இல்ல முன்னாடி ஒரே பல்சக்கரம் போதுமா? கேபிள் டிஸ்க் பிரேக் மழையில பிடிக்குமா? ராக்ரைடர், ஃபயர்ஃபாக்ஸ் பிராண்ட் சைக்கிள் ஓட்டுறவங்க சொல்லுங்களேன். செகண்ட் ஹேண்ட்னாலும் சரி, ஃப்ரேம்ல விரிசல் இருக்கான்னு எங்க பார்க்கணும்?