முதலில் என்ன செய்வீர்கள்?

43 வயதில் நேர்சிங் படிக்கப்போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லை. நம்பவும் இல்லை. "சரி, போய்ப் பாருமன்" என்றார் கணவர், மழை நாளில் உடுப்புக் காயப்போடுகிறவளிடம் சொல்வதுபோல.

கனடாவில், ஸ்காபுறோவில் முதியோர் இல்லங்களில் 11 வருடம் பி.எஸ்.டபிள்யூ, அதாவது பராமரிப்பு உதவியாளராக இருந்தவள் நான். குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, ஊட்டிவிடுவது. காலையில் ஒரு இல்லம், பின்னேரம் இன்னொன்று. 2020 ஏப்ரலில், கொரோனா இல்லம் இல்லமாகப் பரவிய நேரம், இப்படியான இடங்களில் வேலை செய்பவர்கள் ஒரே ஒரு இல்லத்தில்தான் வேலை செய்யலாம் என்று ஒன்ராறியோ அரசு உத்தரவு போட்டது. நியாயமான உத்தரவுதான். ஆனால் என் சம்பளம் பாதியாகிவிட்டது, பின்னேரங்கள் சும்மா கிடந்தன. அந்தப் பின்னேரங்களில் வளர்ந்தோருக்கான பாடசாலை ஒன்றில் 12ஆம் வகுப்பு உயிரியல், இரசாயனம், கணிதம் மூன்றையும் ஒன்லைனில் எடுத்தேன்.

உயிரியல் எனக்குப் புதிது இல்லை. யாழ்ப்பாணத்தில் ஏ.எல். உயிரியல் படித்துக்கொண்டிருந்தபோதுதான் போரினால் 1995 ஒக்டோபர் இடப்பெயர்வு வந்தது. கொப்பிகளை மேசையில் விட்டுவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தோம். திரும்பி வந்தபோது மேசையே இல்லை. அன்று 'இழைமணி' என்று பாடமாக்கியது இங்கே மைட்டோகொண்ட்ரியா என்ற பெயரில் வந்து நின்றபோது, ஊர்ச் சனம் ஒருவரைச் சந்தையில் கண்டதுபோல இருந்தது.

2021 செப்டெம்பரில் ஆர்.பி.என். என்ற வகை நேர்ஸ் ஆவதற்கான இரண்டு வருட டிப்ளோமாவில் சேர்ந்தேன். வகுப்பு முழுக்க என் மகனின் வயதுப் பிள்ளைகள். ஒரு தமிழ்ப்பிள்ளை முதல் நாளே "அன்ரி, இதில ஆள் இருக்கா?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த பிலிப்பினோப் பிள்ளை அதுதான் என் பெயர் என்று நினைத்துவிட்டது. இரண்டு வருடமும் எல்லாருக்கும் நான் அன்ரிதான்.

மருந்துக் கணக்குக்குப் பயந்தேன். எங்களுக்கு 90 வீதம் எடுத்தால்தான் பாஸ். 0.5 என்பதை வெறும் .5 என்று எழுதினால், புள்ளி கண்ணுக்குத் தப்பி ஐந்தாகிவிடும், மருந்து பத்து மடங்கு போய்விடும். இரவில் குசினி மேசையில் மகன் எனக்குப் பின்னக் கணக்குச் சொல்லித்தந்தான். சின்னனில் நான் அவனுக்குப் போட்ட சத்தமெல்லாம் வட்டியோடு திரும்பி வந்தது. ஆனாலும் கணக்கு பழகிவிட்டது.

பழகாதது வேறொன்று. நேர்சிங் சோதனைக் கேள்விகளில் நிறைய "முதலில் என்ன செய்வீர்கள்?" என்றுதான் முடியும். நோயாளிக்கு மூச்சு வாங்குகிறது, முதலில் என்ன? விழுந்து கிடக்கிறார், முதலில் என்ன? நான்கு விடைகளில் ஒன்று அனேகமாக, மேலே இருப்பவருக்கு அறிவிப்பது. என் கை நேரே அதற்குத்தான் போகும். பெரும்பாலும் அது பிழை. முதலில் பார், அள, செய்ய வேண்டியதைச் செய், பிறகு அறிவி. 11 வருடமாக எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரே விடைதான் இருந்தது: நேர்ஸுக்குச் சொல். வேலை தெரிந்தவள், எனக்கு இலகுவாக இருக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஒன்றுமே தெரியாத அந்த 18 வயதுப் பிள்ளைகள் என்னைவிடக் கெதியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

பயிற்சிக்குப் போன இல்லத்தில் ஒருநாள், டயபெற்றிஸ் உள்ள ஒரு அம்மா வியர்த்து, கை நடுங்கி, என்னை யாரோ என்று நினைத்து எதையோ கதைத்துக்கொண்டிருந்தார். நான் வாசலுக்கு ஓடி "நேர்ஸ்!" என்று கூப்பிட்டேன். பின்னாலேயே நின்ற பயிற்சி ஆசிரியை, "யாரைக் கூப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். கோபமில்லை, உண்மையாகவே கேட்டார். முகம் சுட்டது. விரலில் குத்தி இரத்தச் சர்க்கரையைப் பார்த்தேன். 3.1. இங்கத்தைய அளவில் 4க்குக் கீழே என்றால் குறைவு. தோடம்பழச் சாறு கொடுத்து, 15 நிமிடம் பக்கத்தில் இருந்து, திரும்பவும் குத்தினேன். 4.6. பிறகுதான் போய் அறிவித்தேன்.

படித்து முடித்தாலும் நேர்ஸாக வேலை செய்ய அனுமதிச் சோதனை ஒன்று எழுதவேண்டும்; 2022இல் வந்த ரெக்ஸ்-பி.என். என்ற புதுக் கம்பியூட்டர் சோதனைதான் எங்களுக்கும். சரியாகச் செய்தால் அடுத்த கேள்வி கடினமாகும், எப்போது நிற்கும் என்றும் தெரியாது. திரை அணைந்தபோது பெயில் என்றே முடிவுகட்டி, பஸ்ஸில் அழுதுகொண்டு வந்தேன். பாஸ்.

நான் பி.எஸ்.டபிள்யூ ஆக இருந்த காலத்தில் ஒரு நேர்ஸிடம், "இந்த ஐயா இன்றைக்கு வழமைபோல இல்லை" என்று மூன்று தரம் போய்ச் சொன்னேன். அவர் மருந்து வண்டியை விட்டு நகரவில்லை. அடுத்த நாள் ஐயாவை அம்புலன்ஸ் கொண்டுபோனது. அந்தக் கோபமும் நான் படிக்கப் போனதற்கு ஒரு காரணம்.

இப்போது அந்த வண்டி என் கையில். முப்பது பேருக்கு இரவு மருந்து, ஒவ்வொன்றுக்கும் நேரம் இருக்கிறது. போன மாதம் ஒரு பி.எஸ்.டபிள்யூ வந்தார், என்னைவிட மூத்தவர். ஏழாம் அறையில் இருப்பவர் ஒரு மாதிரி இருக்கிறார் என்றார். என்ன மாதிரி என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் அந்தக் காலத்தில் தெரியாது. இன்னும் பதினாறு பேர் மிச்சம். அந்த நேர்ஸ் ஏன் அசையவில்லை என்பது அப்போது கொஞ்சம் விளங்கியது, கோபம் மட்டும் போகவில்லை.

வண்டியைப் பூட்டிவிட்டுப் போனேன். காய்ச்சல் 38.6. அன்றைக்கு மருந்து கொடுத்து முடிய இரவு பத்தரை மணியாகிவிட்டது.