அம்மாவுக்கு ஊசி போட்டு ஸ்ட்ரெஸ் எக்கோ: என்னவெல்லாம் ஆகும்?

பாபநாசத்தான்:
அம்மாவுக்கு 64 வயது. நடவு வேலையிலேயே தேய்ந்த முழங்கால், டிரெட்மில்லில் ஏற வழியில்லை. நடந்தால் நெஞ்சு அடைக்கிறது என்கிறார். தஞ்சாவூர் டாக்டர், இதயத்தை வேகமாகத் துடிக்கவைக்கும் டோபுடமைன் மருந்தை ஏற்றி எக்கோ (இதய ஸ்கேன்) பார்க்கலாம் என்றார். "சும்மா கெடக்குற நெஞ்ச எதுக்குடா ஊசி போட்டு ஓட விடணும்?" என்று அம்மா அடம். பக்கவிளைவு ஏதும் வருமா?

எக்கோ அக்கா, மயிலாடுதுறை:
எக்கோ டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அம்மா கேட்டது சரியான கேள்வி. சும்மா படுத்திருக்கும்போது அடைப்புள்ள இதயமும் ஒழுங்காகத்தான் சுருங்கும். ஓடவிட்டால்தான் ரத்தம் போதாத சுவர் மட்டும் மந்தமாவது திரையில் தெரியும்.

உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 அல்லது 10 மைக்ரோகிராமில் ஆரம்பித்து, 3 நிமிடத்துக்கு ஒருதரம் கூட்டி, 40 வரை போவார்கள். 220இல் வயதைக் கழித்து அதில் 85 சதவீதம்தான் எட்டவேண்டிய இதயத் துடிப்பு. அம்மாவுக்கு நிமிடத்துக்கு 133 துடிப்பு. எட்டாவிட்டால் அட்ரோபின் சேர்ப்பார்கள். அதில் வாய் உலரும், பார்வை மங்கும்.

படபடப்பு, கை நடுக்கம், தலைவலி, குமட்டல் வரலாம். சிலருக்கு அவசரமாகச் சிறுநீர் முட்டும். வெட்கப்பட்டு அடக்கிக்கொண்டு நெளிவார்கள், படம் ஆடிவிடும். முன்னாலேயே போய்வரச் சொல்லுங்கள். மருந்தை நிறுத்தினால் 2 நிமிடத்தில் பாதி வீரியம் போய்விடும். அடங்காவிட்டால் அதை முறிக்கும் ஊசி உண்டு. துடிப்பு தாறுமாறாவதும், மிக அரிதாக மாரடைப்பும் நடந்ததுண்டு. அதனால்தான் ஷாக் கருவி பக்கத்திலேயே இருக்கும்.

மெட்டோப்ரோலால், அட்டெனலால் சாப்பிடுகிறாரா? அவை துடிப்பை ஏறவிடாது. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது.

கும்பகோணத்துக்காரர்:
என் அப்பாவுக்கு அடினோசின் ஏற்றி ஸ்கேன் எடுத்தார்கள். முந்தின நாளே காபியை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். டிகிரி காபி இல்லாமல் பொழுது விடியாத மனிதர், அன்று "காபிதானே கூடாது" என்று டீ குடித்துவிட்டு வந்து நின்றார். திருப்பி அனுப்பிவிட்டார்கள்! அடுத்த தடவை, மருந்து ஏறியதும் முகம் ஜிவுஜிவு என்று சிவந்து, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்ததாம். நிறுத்தியதும் போய்விட்டது.

எக்கோ அக்கா:
அடினோசின் 10 நொடிக்குள் பாதி கரைந்துவிடும். அது ரத்தக்குழாயை விரிக்கிற மருந்து. காபி, டீ, வீசிங்குக்குப் போடும் டெரிபிலின் மாத்திரை எல்லாம் அதை மறித்துவிடும். வீசிங் உள்ளவர்களுக்கு அதைத் தவிர்த்துப் பெரும்பாலும் டோபுடமைன்தான் கொடுப்பார்கள்.

பாபநாசத்தான்:
நன்றி அக்கா. பிபிக்கு அட்டெனலால்தான் சாப்பிடுகிறார். கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்தும் போடுகிறார். அதைச் சொல்ல வேண்டுமா?

எக்கோ அக்கா:
கட்டாயம். அட்ரோபின் கண் அழுத்தத்தைக் கூட்டலாம். சொட்டு மருந்துப் புட்டியையும் மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். சில சொட்டு மருந்தும் துடிப்பைக் குறைக்கும்.