பொல்லென் என்ற இலத்தீன் சொல்லுக்குப் பூந்தாது

அன்புடையீர்,

பூவிலுள்ள நுண்பொடியைக் குறிக்கும் பொல்லென் என்பதற்குப் புதிய அகராதியில் எந்தத் தமிழ்ச்சொல்லை வைப்பது என்ற கேள்விக்கு, மகரந்தத்தையே வைத்துக்கொள்ளலாம் என்றும், பூந்துகள் என மாற்றலாம் என்றும் கருத்துகள் வந்துள்ளன. இரண்டையும் விடப் பூந்தாது பொருந்தும் என்பது என் எண்ணம்.

இலத்தீனில் இச்சொல்லின் பழம்பொருள் மாவு. அதிலும் நுண்ணிதாக அரைத்துச் சலித்த மாவு. அதைச் சலிக்கும் சல்லடைக்கும் இச்சொல்லடியாகவே பெயர் இருந்தது. பூவின் பொடி சேராவிட்டால் முளைக்கும் விதை உண்டாகாது என்று செருமானியத் தாவரவியலாளர் கமராரியஸ் 1694-இல் எழுதிய பின்னரும், அப்பொடிக்கு ஒரே பெயர் நிலைபெறவில்லை. மாவைக் குறிக்கும் மற்றோர் இலத்தீன் சொல்லான ஃபரீனாவும் பதினெட்டாம் நூற்றாண்டில் பரவலாக வழங்கியது. சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் தம் 1751ஆம் ஆண்டு நூலில் பொல்லெனை உரிய ஈரம் பட்டால் வெடிக்கும் பொடி என வரையறுத்தார். ஆக, பெயர் எதுவாயினும் அவர்கள் கண்ணில் பட்டது உலர்ந்த நுண்பொடியே.

மகரந்தத்துக்கு வடமொழியில் முதன்மைப் பொருள் பூந்தேன். தேன் சுரப்பியிலிருந்து வரும் நீர்மம், பொல்லென் மகரந்தப்பையிலிருந்து வரும் பொடி என்று பிரித்துப் பேச வேண்டிய துறையில், நீர்மத்தின் பெயரைப் பொடிக்குச் சூட்டியிருக்கிறோம். பள்ளிப் பாடங்களில் வேரூன்றிவிட்டதால் அதைப் பிழை என்று தள்ள மாட்டேன். ஆனால் புதிய அகராதி அதைத் தலைச்சொல்லாக வைக்க வேண்டியதில்லை. கொங்கு அழகிய சொல்தான், எனினும் தேன், மணம், தாது மூன்றையும் தழுவுகிறது. பூந்துகளில் உள்ள துகளை இயற்பியல் அணுத்துகள் போன்றவற்றுக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. சங்கப் பாடல்களில் வண்டு ஊதுவதும் தும்பி உண்பதும் தாது. அங்கிருந்து தொடங்குவதே முறை.

தாது கனிமத்தையும் குறிக்குமே என்ற மறுப்பு வலுவானது. பாறைப் படிவுகளில் பொல்லெனைத் தேடும் ஆய்வாளர் அதன் ஒரு பொடிமணியைத் தாதுமணி என்று எழுதினால் கனிம மணியா, பூவின் மணியா என்ற ஐயம் எழும். ஆகவே கூட்டுச்சொற்களிலும் முன்னொட்டை விடாமல் பூந்தாதுமணி என்றும், அம்மணி முளைத்து நீட்டும் குழலைப் பூந்தாதுக்குழல் என்றும் ஆளலாம். எருக்கிலும் ஆர்க்கிட்டிலும் ஒட்டித் திரண்டு வருவது பூந்தாதுத்திரள்.

பொல்லெனை ஆராயும் துறையான பேலினாலஜிக்கு மட்டும் இது போதாது. அத்துறை, பூவாத் தாவரங்களும் பூஞ்சைகளும் இனம்பெருக்க வெளியிடும் நுண்மணிகளான ஸ்போர்களையும் ஆராய்கிறது. 1944-இல் ஹைடு, வில்லியம்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் தூவுதலைக் குறிக்கும் கிரேக்க வினையிலிருந்து அப்பெயரை ஆக்கினர். அவ்வழியில் தூவியல் எனலாம். ஆனால் தூவி இறகையும் குறிப்பதால் தயங்குகிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் தோன்றினால் எழுதுங்கள்.