இயந்திரம் காலியாக விட்ட மூன்று இடங்கள்

மொடக்குறிச்சி குடும்பம் (குழு)
27 அக்டோபர் 2024, ஞாயிறு

சுதா அத்தை (கார்மல், இந்தியானா): அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய பிறகு நான் போடப்போகும் முதல் வாக்கு இது. ஒவ்வொரு வேட்பாளராகத் தேர்ந்தெடுக்காமல், ஒரே அழுத்தலில் கட்சிக்கு மொத்தமாக வாக்களித்தால் இயந்திரம் மூன்று இடங்களை விழுங்கிவிடுகிறது என்று ஒரு செய்தி சுற்றுகிறதே, உண்மையா?

ரமேஷ் (ஹூஸ்டன்): உண்மைதான் அத்தை. 2018இல் எங்கள் டெக்சஸில் நடந்ததுதானே.

கார்த்திக் (ஃபிஷர்ஸ்): அது வேறு, இது வேறு அண்ணா. டெக்சஸில், அடுத்த பக்கம் திரையில் முழுமையாக வருவதற்குள் பொத்தானை அழுத்தியதால்தான் தேர்வு மாறியது என்று மாநில அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள்; 2020 தேர்தலில் அங்கே இப்படி மொத்தமாகப் போடும் கட்சி வாக்கு முறையே எடுக்கப்பட்டுவிட்டது. இந்தியானாவில் அந்த இடங்கள் காலியாக நிற்பது சட்டப்படிதான். கட்சியைத் தொட்டால் அந்தக் கட்சி வேட்பாளர்களுக்கு வாக்கு விழும். ஆளுநர் பதவிக்கு மட்டும் வேறு கட்சிக்காரரைத் தொட்டால், அந்த ஒரு பதவியில் அவருக்குப் போகும், மற்றவை அப்படியே இருக்கும். ஆனால் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) முழுவதற்கும் பொதுவாக மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கும் கவுண்டி மன்ற இடங்களுக்கு, 2016இல் வந்த சட்டப்படி, கட்சி வாக்கு செல்லுபடியாகாது. அங்கே ஒவ்வொரு பெயராகத் தொட வேண்டும். பள்ளி வாரியத்துக்கும், நீதிபதிகள் பதவியில் நீடிக்கலாமா என்ற கேள்விக்கும் தனித்தனியாகவே பதில் சொல்ல வேண்டும்.

பெரியப்பா (ஈரோடு): மூன்று பேருக்கே இவ்வளவு விளக்கமா? 1996இல் நம் மொடக்குறிச்சித் தொகுதியில் 1033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டே புத்தகமாக இருந்தது. நான் வாக்குச்சாவடிப் பணியில் இருந்தேன்.

சுதா அத்தை: அண்ணா, இதைக் கார்த்திக்கின் கல்யாணப் பந்தியிலேயே சொல்லிவிட்டீர்கள். கார்த்திக், எனக்கு இரண்டு பேரைத்தான் பிடித்திருக்கிறது.

கார்த்திக்: இரண்டு போதும். தன் வேட்பாளருக்குப் போட்டியாக இன்னொருவரை வளர்க்க விரும்பாமல் ஒருவரோடு நிறுத்துபவர்களும் உண்டு. நான்காவது பெயரை மட்டும் இயந்திரம் ஏற்காது; முதலில் ஒன்றை நீக்க வேண்டும். தபால் வாக்குச்சீட்டில் நான்கு பேரைக் குறித்துவிட்டாலோ, அந்தப் பதவிக்கான வாக்கு முழுவதும் வீண்.

பெரியப்பா: மூன்று பங்கு இருந்தால் மூன்றையும் எடுத்தே ஆக வேண்டும் என்பவர்கள் இந்தக் குழுவிலேயே இருக்கிறார்கள்.

மீனா சித்தி: தோட்டத்துப் பேச்சு இங்கே வேண்டாம் மாமா.

ரமேஷ்: 😶

கார்த்திக்: அத்தை, கடைசியாக வரும் சரிபார்ப்புப் பக்கத்தைப் பொறுமையாகப் படித்துவிட்டு அழுத்துங்கள். புகைப்பட அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

சுதா அத்தை: ஓட்டுநர் உரிமத்தில் இனிஷியல் விரிவாக இருக்கிறது, வாக்காளர் பதிவில் இல்லையே?

கார்த்திக்: எதற்கும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மீனா சித்தி: வியாழக்கிழமை தீபாவளி. எல்லோரும் வாக்களிக்கப் போய்விட்டால் அதிரசம் யார் சுடுவது?

சுதா அத்தை: முன்கூட்டிய வாக்குப்பதிவு நவம்பர் 4 நண்பகல் வரை இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை போகலாமா?

கார்த்திக்: வெள்ளி எனக்கு வேலை. சனிக்கிழமை பார்ப்போம் அத்தை.

பெரியப்பா: 1033 பேர். பெரும்பாலோர் விவசாயிகள்.